சாத்த முடியாத கதவு

மார்ச் 3, செவ்வாய்

இன்று முப்பத்திரண்டு பக்கம் மெய்ப்புத் திருத்தினேன். தேனீ வளர்ப்புப் புத்தகம். என் கால்கள் வேலைநிறுத்தம் தொடங்கிப் பதினான்கு மாதமாகியும் பதிப்பகத்தார் தாள்களை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார்கள். நல்ல மனிதர்கள்.

காலையில் வழக்கம்போல என் கணவர் என்னைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிக் குளியலறை ஸ்டூலில் உட்காரவைத்தார். கழிப்பறையும் அதற்குள்ளேதான். நாற்காலியின் அகலம் அறுபத்து மூன்று சென்டிமீட்டர், வாசல் ஐம்பத்தெட்டு. கதவோ உள்பக்கம் திறப்பது. ஸ்டூலைப் போட்டால் சாத்த முடியாது. அதனால் தினமும் திறந்த கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நிற்பார். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவர் தொழில்.

“பீரோவை விட நீ லேசுதான். என்ன, பீரோ வாய் பேசாது.”

சிரித்தேன். ஆனால் எனக்கு ஒரே ஓர் ஆசை. கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, ஒரு தடவை குளிக்க வேண்டும்.

இது வீட்டு வாரியத்தின் குடியிருப்பு. நாமாக ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. கதவை அகலமாக்கி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி, சுவரில் கைப்பிடியும் வைத்துத் தரச் சொல்லி மனுப் போட்டு ஒரு மாதம் ஆகிறது.

மார்ச் 9, திங்கள்

நாளை வாரியத்திலிருந்து ஆய்வாளர் வருகிறாராம். வீடு அமளிதுமளிப்படுகிறது. என் கணவர் ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்துவிட்டார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்தேன். குளியலறை ஸ்டூலைப் பார்க்கச் சகிக்கவில்லை. அழுக்குப் பிளாஸ்டிக். கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஆய்வாளர் வந்தார், போனார். பத்தே நிமிடம். இஸ்திரி போட்ட சட்டையோடு இவர் டீ கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, “ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்கம்மா” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“குளிக்கறதுக்கெல்லாம் என்ன செய்யறீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “அது ஒரு பிரச்சனையே இல்ல சார். பீரோவையே மூணு மாடி ஏத்தறவன் நான். இவளைத் தூக்கறது பெரிய விஷயமா?”

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். நானும் சிரித்தேன். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருந்தது, மறைப்பானேன்.

மார்ச் 27, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. “விண்ணப்பதாரர் நன்கு சமாளிக்கிறார். உடல் வலுவுள்ள துணை வீட்டில் உள்ளது. மாற்றம் தேவையில்லை.”

அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். யாரு உங்களைப் பீரோ கதை சொல்லச் சொன்னது? எனக்காகவா பேசினீங்க, உங்க புஜத்துக்காகவா? கேட்டிருக்கக் கூடாது — கேட்டுவிட்டேன்.

கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நீ பாரம்னு யார் முன்னாடியும் என்னால சொல்ல முடியலம்மா.”

அப்புறம் எங்கே கோபப்படுவது?

மார்ச் 28, சனி

ஸ்டூலை ஒளித்தது யார்? நான்தானே. இதை எழுதிவைத்தால்தான் நியாயம்.

தொழில் புத்தி போகுமா? கடிதத்தின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். உடற்குறை உள்ளவர் தன் வீட்டைத் தானே பயன்படுத்த வசதி கேட்பது குடியிருப்பாளரின் உரிமையாம். தானே! துணைக்கு ஆள் இருக்கிறாரா என்ற பேச்சே அதில் இல்லை. இவ்வளவு முக்கியமான விஷயத்தை எறும்பு சைஸில் அச்சிட்டவன் கையில் கிடைத்தால் தெரியும்.

ஏப்ரல் 2, வியாழன்

மேல்முறையீடு எழுதினேன். முதல் வரைவில் “தயவுகூர்ந்து” மூன்று தடவை, “தங்கள் கருணையால்” ஒரு தடவை. எல்லாவற்றையும் அடித்தேன். பிறகு முடியாதவற்றை எழுத வேண்டியிருந்தது. தனியாகக் குளிக்க முடியாது. அவர் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை கழிப்பறைக்குப் போக முடியாது. அதனால் மத்தியானம் தண்ணீர் குடிப்பதில்லை. கை அங்கேயே நின்றுவிட்டது. இதை இதுவரை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

தபாலில் சேர்க்கக் கொடுத்தபோது பிரித்துப் படித்தார். தண்ணீர் பற்றிய வரி வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 3, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலு தெரு தாண்டி ஓடிவந்தார். “போகணுமா?” இனிமேல் தினமும் வருவாராம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பதில் இல்லை. தேனீ முடிந்தது. இப்போது வரிச்சட்டம். கொட்டாவி.

மே 6, புதன்

இந்தத் தடவை ஆய்வுக்கு ஓர் அம்மா வந்தார். சிரிக்காத முகம், கையில் அளவு நாடா. நாங்கள் வீட்டைப் பெருக்கவில்லை. ஸ்டூல் அதன் இடத்தில் கிடந்தது. இவர் வாயைத் திறப்பதில்லை, என்னைத் தொடுவதில்லை என்று நேற்றே சத்தியம் வாங்கியிருந்தேன்.

“அவர் வீட்ல இல்லன்னா எப்படிப் போவீங்க?”

காட்டினேன். நாற்காலி கதவு நிலையில் முட்டியது. பிரேக் போட்டுத் தரையில் இறங்கினேன். இறங்கினேன் என்ன, விழுந்தேன். கையை ஊன்றி இழுத்து இழுத்துப் போனேன். துணி ஒதுங்கியது. இவர் ஓர் அடி எடுத்து வைத்தார். “வராதீங்க” என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த அம்மா குனிந்து என் துணியைச் சரிசெய்தார். “போதும்மா. எழுதிக்கிட்டேன். சார், நீங்க தூக்குங்க.”

பீரோ தூக்குகிற கை என்னை அள்ளி நாற்காலியில் வைத்தது.

கிளம்பும்போது கேட்டார்: “போன தடவை வந்தப்ப வீட்டைத் துடைச்சு வச்சிருந்தீங்களா?”

“ஆமாங்க.”

“எல்லா வீட்லயும் அதைத்தான் செய்யறாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் இவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “என் கையைக் கட்டிப் போட்டுட்டியேடி” என்றார். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உலகத்திலேயே எனக்குப் பிடித்த கை.

ஜூன் 11, வியாழன்

கிடைத்துவிட்டது! மூன்று கோரிக்கையும். பின்பக்கத்தையும் படித்துவிட்டேன், வில்லங்கம் எதுவும் இல்லை.

ஜூன் 24, புதன்

சுவரை இடிக்கிறார்கள். வீடெல்லாம் புழுதி, வரிச்சட்டத்தின் மேலும் புழுதி. இவர் லீவு போட்டுவிட்டு மேஸ்திரியின் உயிரை எடுக்கிறார். “நீங்க இன்ஜினியரா சார்?” என்று அவர் கேட்டே விட்டார்.

“இல்லீங்க, புருஷன்.”

ஜூலை 4, சனி

சிமென்ட் காய்ந்துவிட்டது. காலை ஏழரைக்கு நானே நாற்காலியை ஓட்டிக்கொண்டு உள்ளே போனேன். கைப்பிடியைப் பிடித்து ஸ்டூலுக்கு மாறினேன். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தேன். முன்பே எட்டிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டிருந்தேன்.

வெளியே இருந்து குரல்: “தண்ணி சூடா இருக்கா?”

“இருக்கு.”

“நான் இங்கயேதான் நிக்கறேன்.”

“ஏங்க, போய்ப் பேப்பர் படிங்க.”

அப்புறம் காலடி தயங்கித் தயங்கிக் கூடத்துக்குப் போனது.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை. அழுதால் அவர் உடைந்துபோவார் என்று பதினெட்டு மாதம் அடக்கிவைத்திருந்தது அத்தனையும் வந்தது. தண்ணீர் ஆறிப்போகும்வரை அழுதேன். பிறகு நிதானமாகக் குளித்தேன்.

வெளியே வந்ததும் முகத்தை உற்றுப் பார்த்தார். “கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?”

“சோப்பு பட்டுடுச்சு” என்றேன்.

நம்பினாரோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை.