லெப்டொப்பின் மற்றப் பக்கம்

மஹய்யாவ,
கண்டி.
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் யுகேஷுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். டோஹாவில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் நான் விளக்கத் தொடங்கினால் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. உன் கூட்டாளி கிருஷாந்தன் லீவு முடிந்து ஞாயிறு அங்கே புறப்படுகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். குழப்பாமல் எழுத வேண்டுமென்று விஷயங்களை முதலில் வரிசைப்படுத்துகிறேன்:

1. சர்மிளாவுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்தது.
2. உன் லெப்டொப்பில் இருந்த இரண்டு பக்கமும் நீ சொன்னபடியே அழிந்துவிட்டன.
3. அம்மாவின் முழங்கால்.

மடுல்கெல்லயிலிருந்து அத்தை போன் எடுத்து அழுதாள். மகள் பேராதனைக்குப் படிக்கப் போகிறாள் என்ற சந்தோஷம். லெப்டொப்பை நீ சர்மிளாவுக்குக் கொடுக்கச் சொன்னதைச் சொன்னேன். அதற்கும் அழுதாள்.

இனி இரண்டாவது. ரீசெட் பண்ணிக் குடுத்துடுங்கப்பா, அதுல எனக்கு ஒண்ணும் வேணாம் என்று சொல்லியிருந்தாய். திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்து, விண்டோஸா உபுண்டுவா என்று கேட்கிறது. ஒரே கரண்ட் மீட்டரில் இரண்டு குடும்பம் இருப்பது போல, ஒரே லெப்டொப்பில் இரண்டு இயங்குதளம் என்று எனக்குப் பட்டது. விண்டோஸில் நாங்கள் படம் பார்ப்போம். உபுண்டுவில்தான் நீ அந்த பஸ் நேரம் பார்க்கும் செயலியைச் செய்துகொண்டிருந்தாய், பக்கத்தில் தேத்தண்ணீர் ஆறுவது தெரியாமல். அந்தச் செயலியை யாரும் வாங்கவில்லை என்று விட்டுவிட்டுத்தானே கட்டாருக்குப் போனாய். எதை அழிக்கச் சொன்னாய்? ஒன்றையா, இரண்டையுமா? கேட்கலாமென்று போன் எடுத்தேன். பிறகு பேசுகிறேன் என்றாய். ஒன்றும் வேண்டாம் என்றால் இரண்டும்தான் என்று முடிவு செய்தேன். அது சரியா என்று இப்போதும் தெரியாது.

ராகுகாலம் கழியட்டும் என்றாள் அம்மா. கம்ப்யூட்டருக்கு ஏது ராகுகாலம் என்றேன். அமுக்கப் போறது நீங்கதானே, உங்களுக்கு இருக்கே என்றாள். காத்திருந்தேன்.

பிறகு விண்டோஸுக்குள் போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதை அமுக்கினேன். எளிய ஆங்கிலம்தான்; ஆனாலும் பல தடவை வாசித்தேன். வெகுநேரம் வட்டம் சுற்றியது. மறுபடி திறந்தபோது கறுப்புத் திரையும் இல்லை, பட்டியலும் இல்லை. புதிய விண்டோஸ் என் பெயர் என்ன என்று கேட்டது. ஆகவே உன் பக்கமும் போய்விட்டது. நீ சொன்னதுதானே நடந்தது. அம்மா வந்து பார்த்து, புள்ள இருந்த எடத்தையும் தொடச்சிட்டீங்க என்றாள்.

சனிக்கிழமை

மனம் கேட்காமல் லெப்டொப்பைக் கட்டுகஸ்தோட்ட வீதியில் அஸ்ஃபரின் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, மகன்ட சாமான் ஒண்டும் போகல்ல அங்கிள், உள்ளுக்குத்தான் ஈக்குது, வாசல்தான் மூடியீக்கு என்றார். விண்டோஸைப் புதுப்பித்தால் மற்றது அழியாதாம். பட்டியல் மட்டும் மறைந்துவிடுமாம். அதையும் அழிச்சுத் தரட்டா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் பட்டியலைத் திரும்ப வரவழைத்துத் தந்தார்.

உன் பக்கம் உள்ளேயே இருக்கட்டுமா என்று சர்மிளாவிடமும் கேட்டேன். கொஞ்சம் எடம் கொறஞ்சா என்ன மாமா, அத்தானோட பக்கத்த நான் தொடவே மாட்டேன் என்றாள்.

அம்மா இதைக் கேட்டதும் வீட்டுப் படிகள் அத்தனையும் இறங்கிக் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். ஆகவே முழங்கால் பற்றிக் கவலைப்படாதே.

பிள்ளையார் உனக்குத் துணையிருப்பார். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா
சேதுராமன்

திருத்தம்: நான் வேலை பார்த்த மாநகர சபையில் எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுத மாட்டோம், பிழையைக் கீழே குறிப்போம். மேலே இரண்டாவதாக நான் எழுதியது பிழை. உன் பக்கம் அழியவில்லை. அழிக்கத்தான் வேண்டுமென்றால், தீபாவளிக்கு வந்து உன் கையால் அழித்துவிட்டுப் போ.