அங்கம்மாவைக் கப்பலேற்றுவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
திருமதி செல்லப்பாக்கியம் வைத்தியலிங்கம்,
தோட்டப் பள்ளி ஆசிரியை,
குளுவாங், ஜொகூர்.

பெறுநர்:
தொழிலாளர் கண்ட்ரோலர் துரை அவர்கள்,
ஜொகூர் பாரு.

பொருள்: காக்காய் வலிப்பு என்று தவறாக எழுதப்பட்ட பெண்ணை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை நான் முதலில் செய்தது, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் விழுந்து துடித்த ரப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி அங்கம்மாவின் கையிலிருந்து இரும்புச் சாவியை எடுத்ததுதான். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது இங்கே வழக்கம். சாவியைப் பிடித்ததும் அடங்குவதால் இது காக்காய் வலிப்பேதான் என்று தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிரெஸ்ஸர் எழுதிவிட்டார். நான் சாவிக்குப் பதிலாக என் கையைக் கொடுத்தேன். அப்போதும் அடங்கியது.

2. காக்காய் வலிப்புக்காரரைப் போல அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. இறுக மூடிய இமைகளின் ஓரம் கண்ணீர் வழிந்தது. சென்ற மழைக்காலத்தில் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு வந்து நின்றாள். வேலை முடிந்து போனபோது குழந்தை காய்ச்சலில் இறந்திருந்தது. அதற்குப் பின்தான் இந்தத் துடிப்பு, அதுவும் பெரட்டு மணி கேட்டால் மட்டும். "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்கிறார் கங்காணி. "வேணும்னு செய்யலைங்க டீச்சரம்மா, உடம்பு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்கிறாள் அவள். நான் அவளை நம்புகிறேன்.

3. நம்பக் காரணம் உண்டு. சென்னையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி ஞானேஸ்வரிக்கு, வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்போதெல்லாம் இதே துடிப்பு வரும். நாங்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து தாவரவியல் பாடத்தை வேண்டுமென்றே பிழையாக வாசிப்போம். தணிந்து வரும்போது கண்ணைத் திறக்காமலே திருத்துவாள். பிறகு எல்லாரும் சிரிப்போம். ரப்பர்க் காட்டில் மழை பிடிக்கும் மாலைகளில் அந்த அறையும், கொடியில் உலராத புடவைகளின் வாசனையும் இன்றும் நினைவுக்கு வருகின்றன. விடுதிக்கு வந்த டாக்டரம்மாள் அவளை எங்கும் அனுப்பிவிடவில்லை. பக்கத்தில் அமர்ந்து பேச வைத்தார். வலிப்பென்று தம்மிடம் வருகிறவர்களில், மனத்துயரால் இப்படித் துடிப்பவர்கள் கொஞ்சமல்ல என்றார். ஞானேஸ்வரி பட்டம் பெற்றாள்.

4. எத்தனை பேருக்கு இப்படி என்று கணக்கெடுத்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்த ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலேயே நான்கைந்து பெண்களை அறிவேன். ஓர் ஆணும் உண்டு. லயத்தில் வந்தால் பேய் என்கிறார்கள். உத்தியோகஸ்தர் வீடுகளில் வந்தால் வெளியே சொல்வதில்லை.

5. வேலைக்கு ஆகாதவள் என்று வரும் சனிக்கிழமை அங்கம்மாவைத் தோட்ட நிர்வாகத்தார் லாரியில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பப் போகிறார்கள். நன்றாகப் பால் வெட்டும் கணவன் காளியப்பனையும், என்னிடம் படிக்கும் மகளையும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஊரில் அவளுக்கு யாருமில்லை. அதற்குள் பெரிய டாக்டர் ஒருவர் அவளை நேரில் பார்க்கவும், பிற தோட்டங்களில் வலிப்பென்று ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றி விசாரிக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன்.

6. உத்தரவுக்கு முன் லாரி வந்துவிட்டால், அங்கம்மாவை என் வீட்டுக்குள் அழைத்துக் கதவைத் தாழிட்டுக்கொள்வேன். என் கணவர் இத்தோட்டத்து அலுவலகத் தலைமை எழுத்தர், பெரிய கிராணி. அவரிடமும் இதை இன்னும் சொல்லவில்லை.

குளுவாங்,
11-11-1936.

தங்கள் உண்மையுள்ள,
செ. வைத்தியலிங்கம்