நாலு வயசுக்காரர்கள் குடிவரும் வீடு

அன்பு அம்முவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, மாமா மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பதிலில் “நல்லா இருக்கேம்மா” என்று ஒரு வரியில் முடித்துவிடாதே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா, பக்கத்து ரூம் பெண் இன்னும் உன் போர்வையைத்தான் போர்த்திக்கொள்கிறாளா என்று விவரமாக எழுது. போன் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்பாய். இதைப் போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், நான் அழுவேன், பக்கத்தில் அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் தைக்க வேண்டிய துணியையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் மெஷினைத் திட்டு, என்னைத் திட்டாதே.

நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டது உண்மைதான். நகராட்சியில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். நம் சின்னப் பள்ளிக்கூடத்தையும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தையும் ஒன்றாக்கப் போகிறார்கள். இத்தனை வருஷம் அஞ்சு வயசிலிருந்து ஏழு வரை இங்கே, எட்டிலிருந்து பதினொன்று வரை அங்கே என்று இருந்தது. இனிமேல் எல்லாம் ஒரே பள்ளிக்கூடம், ஒரே தலைமை ஆசிரியை, ஒரே மணி, ஒரே யூனிஃபார்ம். நான் வெட்டி வைத்திருக்கிற நீலத் துணியை என்ன செய்வது என்று மட்டும் எந்தத் தீர்மானத்திலும் இல்லை. போதாததற்கு அஞ்சு வயசு என்பதை நாலாக இறக்கிவிட்டார்கள். நடுச்சுவரில் பெரிய வழி ஒன்று உடைப்பார்களாம். இந்த வருஷம் நம் பக்கம் மொத்தமே அறுபத்தொரு பிள்ளைகள்தான், பாதி பெஞ்சு காலி, அதனால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஊர் கூடிக் கருத்துச் சொல்லலாம் என்று பெரிய பள்ளி ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஓர் உறுப்பினர் திரையில் கட்டம் கட்டமாகக் காட்டி எந்த வயசு எந்த அறை என்று விளக்கினார். பெற்றவர்கள் கேட்டதெல்லாம் வேறு. பதினொரு வயசுப் பையன் ஓடிவந்து என் பிள்ளையை இடித்துத் தள்ளினால் யார் பார்ப்பது, இடைவேளை ஒரே நேரமா வேறு வேறு நேரமா, நாலு வயசுக் குழந்தைக்குக் குழாய் எட்டுமா என்று கேட்டார்கள். குழாய் கேள்வியை மேடையில் இருந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு தாளில் குறித்துக்கொண்டார்கள். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து “எட்டாது” என்று என் காதில் மட்டும் சொன்னார். எழுந்து சொல்லுங்களேன் என்றால் கேட்கிற மனுஷனா.

கடைசியில் போகிற போக்கில் சொன்னார்கள், இனி பள்ளிக்கூடத்தைப் பராமரிக்க ஒரு ஆள்தான், இருக்கிற இரண்டு பேரில் யாருக்கு விருப்பமோ அவர் பத்து நாளைக்குள் எழுதித் தரலாம், இரண்டு பேருக்கும் விருப்பம் என்றால் குழு கூப்பிட்டுப் பேசி முடிவு செய்யும் என்று. இரண்டு பேர் யார் என்று உனக்குத் தெரியாதா. இந்தப் பக்கம் உன் அப்பா, அந்தப் பக்கம் என் அண்ணன். வேலை மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. வேலை இல்லாதவருக்குப் பள்ளி வளாகத்தில் குடியிருக்க வீடும் இல்லை. அதிலும் நம் வீடு எப்படியும் போகிறது, யாருக்கு வேலை கிடைத்தாலும். தனி வாசல் இருக்கிறது, தனிக் கழிப்பறை இருக்கிறது, காலை வெயில் வருகிறது என்று நாலு வயசுக்காரர்களுக்கு நம் வீட்டைத்தான் வகுப்பாக்கப் போகிறார்கள். இன்ஜினியர் டேப்போடு வந்து அளந்து பார்த்து, உன் ரூமையும் ஹாலையும் சேர்த்தால் பதினெட்டுக் குழந்தைகள் தாராளமாக உட்காரலாம் என்றார். அந்த ரூம் உன் ஒருத்திக்கே போதவில்லை என்று நீ பத்து வருஷம் மூக்கால் அழுததை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆக மிச்சம் இருப்பது மாமா இருக்கிற வீடு ஒன்றுதான், வேலை யாருக்கோ அவருக்கு அது.

மாமாவும் அப்பாவும் எப்படிப் பழகினவர்கள் என்று உனக்கு நினைவிருக்கும். இந்த வேலையையே அப்பாவுக்கு மாமாதான் வாங்கிக் கொடுத்தார், என்னையும் அவர்தான் கொடுத்தார். அப்புறம் வந்தது அந்த ஏணி. மாமாவிடம் அப்பா இரவல் வாங்கிவந்து திருப்பிக் கொடுத்த மறுநாள் அதன் படி உடைந்து மாமா கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். விரிசலைத் தெரிந்தே வைத்துவிட்டுப் போனான் என்று மாமா சொல்ல, நல்ல ஏணியை உடைத்துவிட்டு என் மேல் போடுகிறான் என்று அப்பா சொல்ல, அதோடு பேச்சு நின்றது. ஏழு வருஷம். அத்தை காலமான பிறகு மாமாவுக்குத் தினம் மத்தியானம் சுவரில் இருக்கிற சின்னக் கதவு வழியாக நான்தான் கேரியர் கொண்டுபோகிறேன். கேரியரோடு சேதியும் போகும். நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல், மோட்டாரை இவ்வளவு நேரம் போடாதே என்று சொல், இப்படி. அப்பா ஒரு மாதிரி சொல்வார், நான் அங்கே போய் வேறு மாதிரி சொல்வேன். “அந்தத் தலைக்கனம் பிடிச்சவன்கிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு” என்பது சுவரைத் தாண்டுவதற்குள் “மோட்டார் சூடாகுதே, உங்களுக்குத்தான் சிரமம்னு மாப்பிள்ளை சொன்னார்” என்று ஆகிவிடும். பொய் என்றால் பொய்தான். ஆனால் இரண்டு பக்கமும் என் ஆட்கள், நான் என்ன செய்வேன்.

அந்தப் பழக்கம்தான் இப்போது என்னைக் கவிழ்த்தது. இதை உன்னிடம் ஒளிக்கப் போவதில்லை. கூட்டம் முடிந்து நாலு நாள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். மாமா கேரியரைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார். இரண்டு பேரும் எழுதிப் போட்டு, குழு முன்னால் போய் நின்று, ஒருவரைப் பற்றி ஒருவர் ஏதாவது சொல்லிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் ஒட்டாது. அதனால் மாமாவிடம் போய், “வேலை மச்சானுக்கே இருக்கட்டும், அவர் பெரியவர், எனக்கு அவர்தான் வழி காட்டினார்” என்று அப்பா சொன்னதாகச் சொன்னேன். திரும்பி வந்து அப்பாவிடம், “சின்னப் பிள்ளைகள் மாப்பிள்ளையிடம்தான் ஒட்டும், அவருக்கே கொடுக்கட்டும்” என்று மாமா சொன்னதாகச் சொன்னேன். மனசு இளகி யாராவது ஒருவர் அந்தச் சின்னக் கதவைத் தாண்டி வந்து பேசிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். என் அறிவு அவ்வளவுதான். இவர்களா பேசுவார்கள்? ஆளுக்கு ஒரு கடிதம் எழுதி, என்னிடம் கூட மூச்சு விடாமல், நேராக நகராட்சியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள், எனக்கு இந்த வேலை வேண்டாம், அவருக்கே கொடுங்கள் என்று.

போன செவ்வாய்க்கிழமை ஒரே மாதிரி இரண்டு கவர் வந்தது. இரண்டு பேரும் விலகிக்கொண்டதால் வெளியிலிருந்து ஆள் எடுக்க அறிவிப்புக் கொடுக்கப்படும், இரண்டு வீட்டையும் பருவ முடிவில் காலி செய்ய வேண்டும், மாற்றம் ஏதும் இருந்தால் புதன்கிழமைக்குள் நேரில் வந்து சொல்ல வேண்டும், வியாழக்கிழமை குழு கூடுகிறது என்று எழுதியிருந்தது. மறுநாளே புதன். அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று, “அண்ணன் அப்படிச் சொல்லவே இல்லைங்க, நானா சொன்னது” என்று சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கடிதத்தை நாலாக மடித்தார். “தெரியும்” என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னார்: “உங்க அண்ணன் ஒரே மூச்சுல அவ்வளவு நல்ல வார்த்தை பேசமாட்டான்னு எனக்குத் தெரியாதா? அவன் சொல்லலைன்னு தெரியும். சொன்னதா வச்சுக்கலாம்னு தோணுச்சு.”

அம்மு, இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷனை நான் அப்படிப் பார்த்ததில்லை. அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரியரை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன், அங்கேயும் ஒப்புக்கொண்டேன். மாமா சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். கோபமே இல்லை. “ஏழு வருஷமா உன் சாப்பாட்டுல மட்டுமா, நீ கொண்டுவர்ற சேதியிலயும் உன் கை ருசிதான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா” என்றார். தெரிந்தே தினம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் இரண்டு பேரும். நான்தான் பெரிய சாமர்த்தியக்காரி என்று திரிந்திருக்கிறேன்.

புதன்கிழமை காலையில் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். மாமா முன் சீட்டு, அப்பா கடைசி சீட்டு, நான் நடுவில், மூன்று பேருக்கும் டிக்கெட் நான்தான் எடுத்தேன். ஆபீஸில் அந்த அதிகாரி அம்மா இரண்டு கடிதத்தையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, யாராவது ஒருவர் உங்கள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், யார் என்று கேட்டார். இவர் அவரைக் காட்டினார், அவர் இவரைக் காட்டினார். அந்த அம்மா பொறுமைசாலி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு வாருங்கள், மத்தியானம் வரை இருப்பேன் என்று அனுப்பிவிட்டார். நான் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்கப் போவது போல் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். பெஞ்சில் பாதி வெயில். மாமா வெயில் பக்கம் உட்கார்ந்திருந்தார், கெட்ட முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு. அப்பா நிழல் பக்கம் ஒதுங்கி இடம் விட்டார். அப்புறம் சொன்னார், “வெயில்ல உட்காராத, இப்படி வா.” ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு அதுதான். மாமா நகர்ந்து வந்தார்.

ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு அறுபது ஆக இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி, எடுத்து என்ன செய்யப் போகிறேன் என்றார் மாமா. அப்புறம், “நாலு வயசுக் குழந்தை அழுதா எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியாது. நான் பெரிய பசங்களை அதட்டியே பழகினவன். நீ எடுத்துக்கோ” என்றார். அப்பா, நீ எங்கே போவாய் என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை, வீட்டில் இரண்டு ரூம் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் அங்கே வாருங்கள், எனக்கு முன் ரூம் போதும் என்றாராம். இதெல்லாம் அப்பா பிறகு சொன்னது, எனக்குத் தள்ளி நின்றதில் சரியாகக் கேட்கவில்லை. அப்பா உள்ளே போய்த் தன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை குழுவில் முடிந்தது, சனிக்கிழமை உத்தரவு கைக்கு வந்துவிட்டது. சொந்தக்காரரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டோம், தடை இல்லையாம்.

உன் ரூம் போவதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய், அதனால் சொல்லவில்லை. நேற்று அந்தக் காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நின்றேன். அப்பா வந்து என் அளவு நோட்டைக் கேட்டார். பழைய நோட்டு, நீ நாலு வயசில் நாடகத்தில் நிலாவாக நின்றாயே, தரை வரைக்கும் வெள்ளைக் கவுன், அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். தோளிலிருந்து தரைக்கு முப்பத்திரண்டு இஞ்ச், தோளிலிருந்து முழங்கைக்கு எட்டு. முழங்கை எந்த உயரத்தில் வரும் என்று கழித்துப் பார்த்துவிட்டு, நம் சமையலறைச் சுவரில் இருபத்து நாலு இஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். குழாய்கள் அந்த உயரத்தில்தான் வர வேண்டும் என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டார், அவரும் எழுதிக்கொண்டார்.

இப்போது மாமாவும் அப்பாவும் நேராகவே பேசிக்கொள்கிறார்கள். சண்டையும் நேராகத்தான், எந்த பீரோ எந்தச் சுவரோரம் என்று இன்று காலையில்கூட ஒரு மூச்சு நடந்தது. என்னை யாரும் எதுவும் சொல்லிவிடச் சொல்வதில்லை. இந்த இணைப்பில் நிஜமாக வேலை போனது எனக்குத்தான் அம்மு. உன் சாமான்களை நான் எதையும் தூக்கிப் போடவில்லை, மூன்று பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன், எது வேண்டும் எது வேண்டாம் என்று மறக்காமல் இந்த மாசத்துக்குள் எழுது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. கோபம் வந்தால் அன்றைக்கே பேசிவிடு, ஏழு வருஷம் சுமக்க நம்மிடம் இடம் இல்லை. எங்கள் மூன்று பேரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

மாமா உனக்கு ஒன்று சொல்லச் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுகிறேன்: “ரூம் போனா போகட்டும், என் ரூமை அவளுக்குத் தரேன், நான் ஹால்ல படுத்துக்கிறேன், லீவுக்கு வந்துடச் சொல்லு.”

எப்போதும் உன் நினைவில்,
அம்மா