நாய்களைக் கட்டாத கோடை

ஜனவரி 9, 2013

இன்று முற்றத்தில் இருந்தவர்கள்: நான், ஒர்தென்சியா. என் மகன் எலிசேயோ. அவன் மனைவி நொயெமி. அவர்கள் மகள் மலேனா, நாலு வயது. பண்ணையாள் குர்ருமில். எங்கள் ஜனவரிக் கோடைக்குச் சுற்றுலாக் கப்பலில் வந்தவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்த வழிகாட்டி கஸ்தோன். கப்பல்காரர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், பெயர் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. நாய்கள் தீசோன், பெர்லா. எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் ‘நான் அங்கே இல்லையே’ என்று சொல்லக் கூடாது.

காலையில் விருந்துக்கு ஒரு ஆட்டைக் குர்ருமில் அறுத்தார். குடலை எடுத்ததும் வழக்கம்போல ஈரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாக ஒரு நீர்ப்பை, திராட்சைப் பழம் மாதிரி. ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் வாளியில் போட்டு எலிசேயோவிடம் கொடுத்தேன்.

“பாருடா, பை இருக்கு. நேரா குழிக்குக் கொண்டுபோய் எரிச்சிடு.”

“சரிம்மா.” பார்த்தான். விரலால் அழுத்திக்கூடப் பார்த்தான்.

நான் அடுப்படியில் வந்தவர்களுக்கு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். வெளியே முதலில் மயிர் கத்தரித்துக் காட்டினார்கள், பிறகு நாய்கள் மந்தையை வளைத்துக் காட்டின. கைதட்டல். கஸ்தோன் குரல் கேட்டது: “எலிசேயோ, உன் நாய் எகிறிப் பிடிக்குமா? நம்ம ஆளுங்க போட்டோ எடுக்கணுமாம்!”

ஜன்னல் வழியே பார்க்கிறேன், வாளி அவன் காலடியில் இருக்கிறது. கையை விட்டு ஒரு துண்டை எடுத்து மேலே வீசினான். தீசோன் ஆள் உயரத்துக்கு எகிறிக் கவ்வியது. எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். இன்னொரு துண்டு. அது பெர்லாவுக்கு. மலேனாவும் குதித்துக் கைதட்டுகிறாள்.

கரண்டியோடு ஓடினேன். “டேய்! போடாதடா, எலிசேயோ!”

“அட தோன்யா ஒர்தென்சியா, விருந்து நமக்கு மட்டும்தானா? நாய்க்கு வேணாமா?” என்றான் கஸ்தோன். சிரிப்பு. எண்ணெய் சொட்டும் கரண்டியோடு நின்ற என்னை ஒரு அம்மாள் படம் பிடித்துக்கொண்டாள்.

பேருந்து போனபின் மகன் சொன்னான்: “நாய்ங்களுக்குப் பூச்சி மாத்திரை குடுத்தாச்சும்மா. எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காத.”

“எப்ப குடுத்த?”

“குடுத்தாச்சு.”

எப்போது என்று கேட்டதற்கு இது பதிலா?

ஜனவரி 10

வாளியைச் சுடுதண்ணீரில் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

ஜனவரி 24

மறுபடியும் கப்பல். கூட்டம் அதிகம் என்று இரண்டு ஆடு. ஒன்றின் ஈரலை நானே குழியில் போட்டு, எரிகிறவரை நின்றேன். இன்னொன்றை எலிசேயோ கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் அறுத்திருக்கிறான். என்னைக் கூப்பிடவில்லை.

பொழுது சாய நாய்களுக்கு வேகவைத்த இறைச்சி வைத்தேன். நாள் முழுக்க ஓடிய நாய்கள். தீசோன் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. பெர்லா வரவேயில்லை.

பசியில்லாத நாய்.

பிப்ரவரி 7

கப்பல் நாள். நாய்கள் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 19

மலேனா வாசற்படியில் தீசோனின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் பிஸ்கட். நாய்க்கு ஒரு கடி, அவளுக்கு ஒரு கடி. பிடுங்கி எறிந்தேன். தொட்டியில் நிறுத்தி சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கை சிவந்து அழுதாள்.

நொயெமி ஓடி வந்தாள். “என்ன அத்தை இது? நாயைத் தொட்டா பிள்ளை செத்தா போயிடும்?”

அவள் கடலோர நகரத்தில் வளர்ந்தவள். உட்கார வைத்துச் சொன்னேன். ஆட்டு ஈரலில் இருக்கும் பையைப் பச்சையாகத் தின்றால் நாய் வயிற்றில் புழு வைக்கும். அதன் முட்டை நாய் மயிரில் ஒட்டும். மயிரிலிருந்து கை, கையிலிருந்து வாய். அப்புறம் மனிதனுக்குள்ளேயே பை வளரும், வருஷக்கணக்கில், சத்தமில்லாமல். என் புருஷன் ரெமிகியோவுக்கு முதலில் சட்டைதான் இறுகியது. நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று நானே கேலி செய்தேன். த்ரெலேவ் நகரத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது பை உள்ளேயே உடைந்துவிட்டது. எலிசேயோ அப்போது பன்னிரண்டு வயசுப் பிள்ளை. அப்பாவின் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் மட்டும்தான் வீட்டுக்கு வந்தது.

நொயெமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமா நெஞ்சுவலியில போனாருன்னுதானே அத்தை உங்க பிள்ளை என்கிட்ட சொன்னாரு?”

மார்ச் 1

துவைக்க எடுத்த அவன் கோட்டுப் பையில் மாத்திரை அட்டை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கால்நடை டாக்டர் கொடுத்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

மேசைமேல் வைத்தேன். “இது என்னடா?”

“மாத்திரை போட்டா ரெண்டு நாள் நாயைக் கட்டி வெக்கணும், அது கழிச்சதையெல்லாம் எரிக்கணும். அடுத்தடுத்து கப்பல் வருது. கட்டிப்போட்ட நாயை வெச்சு என்னத்தக் காட்டச் சொல்ற?”

“உங்கப்பனைப் பாத்தவன்தானடா நீ!”

“பாத்தேன். மழையில்லாம பாதி மந்தை செத்ததையும் பாத்தேன். அப்ப யாரும்மா வந்தா? இந்தக் கப்பல்தான் வந்துச்சு. இல்லைன்னா இந்தப் பண்ணையே இருந்திருக்காது.”

பொய்யில்லை. அதுதான் தாங்கவில்லை. அவன் சொன்னதில் பொய்யே இல்லை.

மார்ச் 2

நானும் குர்ருமிலும் நாய்களைச் சங்கிலியில் கட்டி, கொழுப்பில் மாத்திரையைப் பொதிந்து கொடுத்தோம். கழித்ததையெல்லாம் எரித்தோம். குர்ருமில் தலை நிமிரவில்லை.

“நானும் சொல்லிப் பாத்தேன் தோன்யா. ‘உனக்குப் பிடிக்கலைன்னா வேற பண்ணை பாத்துக்க’ன்னுட்டான். இந்த வயசுல எங்க போவேன்?”

மலேனா சங்கிலியைப் பார்த்து அழுகிறாள். “தீசோன் என்ன தப்பு பண்ணுச்சு பாட்டி?”

மார்ச் 21

டாக்டர் மலேனாவைப் பார்த்தார். “இப்ப ஒண்ணும் தெரியாதும்மா. இருந்தாலும் மெதுவாத்தான் வளரும். காத்திருந்து பாக்கணும்.”

காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இதற்காகவா?

டிசம்பர் 5, 2014

நாய்களைக் கட்டி வைத்துத்தான் இப்போது ஆடு அறுக்கிறோம். வாளி என் கையில். எலிசேயோ எதிர்த்துப் பேசுவதில்லை. மலேனா குளிக்கும்போது வயிற்றைத் தடவிப் பார்க்கிறேன். மெத்தென்றுதான் இருக்கிறது. “கிச்சுகிச்சு மூட்டாதீங்க பாட்டி” என்று நெளிகிறாள்.

மே 30, 2016

மலேனாவின் பள்ளிச் சட்டை இறுக்கமாக இருக்கிறது. பிள்ளை வளர்கிறாள், அவ்வளவுதான். அவ்வளவுதானே?

செப்டம்பர் 14, 2016

பள்ளிக்கூடத்துக்கு வயிற்றைப் படம் பிடிக்கும் இயந்திரத்தோடு ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக மேசையில் படுத்து, வயிற்றில் தடவிய பசை குளிர்கிறது என்று கெக்கெக்கே என்று சிரித்தார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் ஆகவில்லை. மலேனாவின் முறை வந்தது. படம் எடுக்கும் பெண் கருவியை வலது விலாவில் வைத்தாள். எடுக்கவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் “சீக்கிரம் டீச்சர்” என்றார்கள். எடுக்கவில்லை.

எனக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 16

ஈரலில் ஒன்று, எலுமிச்சைப் பழம் அளவு. நுரையீரலில் இன்னொன்று.

அக்டோபர் 11

த்ரெலேவ். அதே ஆஸ்பத்திரி. சுவருக்குப் புதிதாகப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள், தாழ்வாரம் அதேதான். எலிசேயோ மலேனாவின் காலணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் வந்தார். ஈரலில் இருந்தது உடையாமல் வந்துவிட்டது. நுரையீரலில் இருப்பதைக் கோடைக்குப் பிறகு எடுக்க வேண்டும். அது இதைவிடக் கஷ்டம் என்றார். எவ்வளவு கஷ்டம் என்று நொயெமி கேட்டாள். அவர் அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மயக்கம் தெளிந்ததும் மலேனா கேட்ட முதல் கேள்வி: “தீசோன் சாப்பிட்டுச்சா?”

அடுத்த மாதம் முதல் கப்பல் வருகிறது. இந்த வருஷமும் உண்டா என்று கஸ்தோன் கேட்டனுப்பியிருக்கிறான்.

நாய்கள் எகிறிய அந்த நாளின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். கப்பல்காரர்கள் ஒரு நாய் குதிப்பதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கஸ்தோன் வாயாடி, ஆனால் வாளியில் இருந்ததை அவன் பார்க்கவில்லை. நொயெமியிடம் யாரும் சொல்லவில்லை. குர்ருமில் சொன்னார், மிரட்டினார்கள். தீசோன் நாய். நான் கத்தினேன், அது அந்த முற்றத்துக்கே கேட்டது.

மாலையில் எலிசேயோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “ஏதாவது பேசும்மா. திட்டவாவது திட்டு.” காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவன். பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து அவன் கையில் வைத்தேன். அழுதுகொண்டே தின்றான். வாயைத் துடைத்துவிட்டேன்.

அன்று ஈரலில் இருந்த பையை அவன் விரலால் அழுத்திப் பார்த்தான். அவனுக்குத் தெரியும்.

நான் சாகும்வரை மன்னிக்காதவன் பெயர் எலிசேயோ. என் மகன்.