பிலிருபின் ரிப்போர்ட்டும் வாப்பாவின் மாப்பும்

யட்டவத்த,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் றிப்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் வாப்பாவின் ஈரல் உட்பட. சிட்னியில் நீயும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். சிரிப்பு அடங்காமல் எழுதுகிறேன், கையெழுத்துக் கோணினால் கோபிக்காதே.

பெருநாளுக்குப் பிறகு வாப்பா ஆறு நோன்பையும் விடாமல் பிடித்தார், ஐந்தாம் நாள் உன் தங்கச்சி நிஷ்மியா வாப்பாவின் கண் மஞ்சளாயிருக்கிறது என்றாள், நோன்போடேயே மாத்தளைக்குப் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தார். பிலிருபின் ஒன்று சொச்சம்தான் இருக்கலாமாம், இவருக்கு மூன்று. ஈரல் போய்விட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். டாக்டரைக் காணும்வரை மூன்று நாளும் வீடு மௌத்து வீடுதான், நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அவரோ வீடு வீடாய்ப் போய், செய்த பிழையெல்லாம் மன்னிக்கச் சொல்லி மாப்புக் கேட்டார். மிளகுக் கொடி வேலித் தகராறில் பதினொரு வருஷம் முகம் பாராத பக்கத்து வீட்டுப் பதுர்தீன் நானாவையும் கட்டிப்பிடித்து அழுதார்.

டாக்டர் முதலில் கேட்டதே, இரத்தம் கொடுத்த அன்று சாப்பிட்டீர்களா என்றுதான். இரத்தத்தில் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் பொருள்தான் பிலிருபினாம், ஈரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு வெளியே தள்ளுமாம். இவருக்குப் பிறவியிலேயே அந்த வேலை கொஞ்சம் மெதுவாம், வயிறு காய்ந்தால் கூடுமாம். ஈரலின் மற்றச் சோதனைகளெல்லாம் சரி, நோயுமில்லை, மருந்துமில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கொடுத்தார், பாதியாய்க் குறைந்துவிட்டது. இப்போது பதுர்தீன் நானா தினமும் தேத்தண்ணிக்கு வருகிறார், கேட்ட மாப்பைத் திருப்பி வாங்க வழியில்லாமல் வாப்பா முழிக்கிறார்.

மகள், மாப்புக் கேட்க நினைத்தவர்களில் முதல் ஆள் நீதான். இரத்தம் சோதிக்கிற படிப்புக்கு அவ்வளவு தூரம் போனால் என்னோடு பேசாதே என்றவர், மூன்று நாளும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். சுகம் என்றதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார், எனக்குப் பொல்லாத கோபம். ஆனால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரிப்போர்ட்டை அவரே மடித்துக் கடித உறைக்குள் வைத்தார். பின்பக்கத்தில் அவர் எழுதியிருப்பது: "இவங்க சொல்றது சரியா? நீ பார்த்துச் சொன்னாத்தான் நம்புவேன், மகள்."

ஈரலின் இந்தக் குணம் பிள்ளைகளுக்கும் வரலாமாம், பட்டினி கிடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். கடிதம் கிடைத்ததும் போன் எடு. என் நம்பருக்கு வேண்டாம், வாப்பாவின் நம்பருக்கு எடு.

உன் உம்மா,
ஸுலைஹா