ஸ்டார்ட்டருக்குப் பச்சை பெயிண்ட்

ஒயரை மாற்றிப் பூட்டியது நீங்கள்தான் என்று அன்று நான் சொல்லவில்லை, அப்பா.

நாளை ஆயுத பூஜை. மோட்டார் ரூமில் உட்கார்ந்து புது பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பினேன். அதே எனாமல் வாசனை.

மற்றவர்கள் மோட்டாரைத் துடைத்துப் பொட்டு வைப்பதோடு சரி. உங்களுக்கு அது போதாது. ஸ்டார்ட்டர் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, ஒயர்களை உருவி, துருவைச் சுரண்டிப் பச்சை அடிப்பீர்கள். அது காய்ந்த பிறகுதான் சந்தனம், குங்குமம். "சோறு போடறது அதுதான். அதுக்கு மட்டும் புதுத்துணி வேண்டாமா?" என்பீர்கள்.

அந்த வருஷம் பூஜை முடிந்து சில நாளில் போன் செய்தீர்கள். "அம்மணி, உங்க கம்பெனி மோட்டாரு சோம்பேறியாப் போச்சு. தண்ணி வருது, பிரசரே இல்ல. மேக்காட்டு வாழைக்கு ஏறமாட்டீங்குது."

கோவையில் பம்புகளைச் சோதித்து அனுப்பும் வேலையில் இருப்பவள் நான். ரோஷத்தோடு கிளம்பி வந்தேன். பல்லடத்தில் தறி ஓட்டும் அண்ணனும் வந்திருந்தான். "இதுக்குத்தான் சொல்றனுங்கப்பா. காட்டைக் குத்தகைக்கு உட்டுபோட்டு எங்கூட வந்து இருங்க."

"உன்ற தறிச் சத்தத்துல நான் எங்கடா தூங்கறது?"

சிரித்தோம். ஆனால் நீங்கள் வால்வை மூட மறந்தது, சாவியைத் தொலைத்தது எல்லாவற்றையும் அவன் ஞாபகம் வைத்திருந்தான். இன்னொன்று சேர்ந்தால் காடு உங்கள் கையை விட்டுப் போய்விடும். அது நம் மூவருக்கும் தெரியும்.

கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட்வால்வில் குப்பை இல்லை. குழாய் எங்கும் காற்று இழுக்கவில்லை. சொட்டுநீர் பில்டரும் சுத்தம். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, ஓய்ந்து நிற்கும் நேரத்தில் அதன் பின்பக்க விசிறியைப் பார்த்தேன். பம்பின் மேல் இருந்த அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தலைகீழாகச் சுற்றினாலும் இந்தப் பம்ப் தண்ணீர் கொடுக்கும். மேலே தள்ளத்தான் வலு இருக்காது. மூன்று ஒயரில் இரண்டு இடம் மாறினால் போதும், இப்படி ஆகும்.

மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் திறந்தேன். மூன்றும் கறுப்பு ஒயர்கள். அவற்றின் மேல் பச்சை விரல் தடங்கள்.

"என்னாச்சு?" அண்ணன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். நீங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"லைன்ல பேஸ் மாறியிருக்குதுண்ணா. கரண்ட் கம்பத்துல வேலை செஞ்சா இப்படி ஆகுமுங்க."

இரண்டு ஒயர்களை மாற்றிப் பூட்டினேன். நீங்கள் சுவிட்சைப் போட்டதும் பிரசர் முள் எழுந்தது. மேற்காட்டில் நின்ற அம்மா கையை ஆட்டினாள்.

"அந்த லைன்மேன் வரட்டும், வெச்சுக்கறேன்" என்றீர்கள்.

அடுத்த வாரமே அவர் வந்தாராம். நீங்கள் திட்டவில்லையாம். இளநீர் வெட்டிக் கொடுத்து, ஒரு குலையை வண்டியில் வேறு கட்டிவிட்டீர்களாம். "உங்கப்பனுக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று அம்மா போனில் அங்கலாய்த்தாள்.

பிரசர் இல்லையென்று இப்போதும் கம்பெனிக்குத் தினம் யாராவது அழைக்கிறார்கள். ஸ்டார்ட்டரைக் கழற்றியது யார் என்று நான் கேட்பதில்லை. கம்பத்தில் வேலை நடந்ததா என்றுதான் கேட்கிறேன். முக்கால்வாசிப் பேர் "ஆமாமுங்க, ஆமாமுங்க" என்கிறார்கள். அந்தக் குரலில் வரும் நிம்மதி எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த வைகாசியில் நீங்கள் கண்மூடும் வரை காடு உங்கள் கையிலேயே இருந்தது.

இன்று பெயிண்ட் அடிக்கப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். மூன்று ஒயர்களிலும் நூல் கட்டி வைத்திருக்கிறீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம். அண்ணன் தறியின் நூல். அவை பூட்டும் இடங்களின் பக்கத்திலும் அதே நிறங்களில் ஒவ்வொரு பொட்டு.

பொட்டுகளின் மேல் படாமல் பச்சை அடித்தேன். காய்ந்ததும் நூலைப் பார்த்துப் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் மேற்காட்டுக்கு ஏறியது.