லாபம், ரெண்டு, மூணு

7-11-1979, புதன்

பால்வாடியில் இன்று பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை எண்ணும் விளையாட்டு வைத்தேன். செல்வி முதல் கொட்டையை வைத்து, "லாபம், ரெண்டு, மூணு" என்றாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டேன். "ஒண்ணுனு சொல்லுடி" என்று புறங்கையில் ஸ்கேலால் ஓர் அடி வைத்தேன். அவள் அழவில்லை.

சாயங்காலம் மல்லாட்டைக் கடலை வாங்க அவள் வீட்டுக்கே போகும்படி ஆயிற்று. "டீச்சருக்கு மூணு படி அளந்து போடு" என்றாள் அவள் அம்மா.

படியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அளக்கும்போது முதல் படியை யாரும் ஒன்று என்பதில்லை, லாபம் என்றுதான் சொல்வார்கள். என் அம்மாவும் அரிசி அளக்கையில் அப்படித்தான் சொல்வாள். எப்படி மறந்தேன்?

செல்வி முதல் படியை என் பையில் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அடுத்ததைக் கொட்டும்போதுதான் மெதுவாக "ரெண்டு" என்றாள்.

"லாபம் சொல்லாம அளக்கறியே, வெளங்குமாடி?" என்று அவள் அம்மா திட்டினாள்.

செல்வி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் அடித்ததை அவள் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.